வெளிப்பெட்டி ஆறு, உள்பெட்டி ஒன்பது

குளிர்வண்டி எதையும் குளிர வைக்காது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் நான் விளையாடுவதாக நினைத்துக்கொள்வார்கள். ஏற்றும்போது சரக்கில் எவ்வளவு குளிர்ச்சி இருந்ததோ, அதை இறக்கும்வரை விடாமல் பிடித்து வைத்திருப்பது மட்டும்தான் அந்த வண்டியின் வேலை. ஃப்ளாஸ்க் காப்பியைச் சுட வைப்பதில்லை, இருக்கிற சூட்டைத்தான் காப்பாற்றுகிறது. அதுபோலத்தான் இதுவும்.

வண்டிப்பெட்டியின் முன்சுவரில், ஓட்டுநர் தலைக்கு மேலாக, ஏசி மாதிரி ஒரு யூனிட் இருக்கும். அது ஊதுகிற காற்று கூரையை ஒட்டிப் பின்கதவு வரை ஓடி, கீழே இறங்கி, தரையில் உள்ள பள்ளங்கள் வழியாகச் சரக்குக்கு அடியில் திரும்பி, மறுபடி யூனிட்டுக்குள் நுழையும். சரக்கைச் சுற்றி ஒரு போர்வை போர்த்திய மாதிரி. சுவர் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் உள்ளே வரப் பார்க்கும் வெயிலை அந்தப் போர்வை வாரிக்கொண்டு போய்விடும். ஆனால் சரக்கின் நடுவயிற்றுக்குள் அது நுழையாது. நுழைய இடமும் இல்லை. பெட்டிக்குப் பெட்டி ஒட்டி அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஒரு மரத்தட்டுக்கு அரை டன் இறைச்சி இருக்கும். அதன் நடுவில் இருக்கிற சூடு வெளியே வர ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் அக்கா வீட்டுக்காரர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இருபத்தாறு வருடமாகக் குளிர்வண்டி ஓட்டுகிறவர். வண்டியின் யூனிட்டைப் பற்றிப் பேசும்போது வீட்டில் ஒரு ஆளைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசுவார். இன்றைக்குக் கொஞ்சம் இருமுகிறது, நேற்று நன்றாகத் தூங்கியது, இந்த வாரம் டீசல் சரியாகக் குடிக்கவில்லை என்பார். என் அக்கா, எனக்குக் காய்ச்சல் வந்தால் இவ்வளவு விவரம் தெரியுமா இவருக்கு என்று கேட்பாள். உனக்கு மீட்டர் கிடையாதே என்பார் மாமா.

நான் வேலை செய்வது நான்கு மருத்துவமனைகளுக்குச் சமைத்து அனுப்பும் ஒரு பெரிய சமையற்கூடத்தில். சமையலில் எனக்குப் பங்கு இல்லை. பின்பக்கம் சரக்கு இறக்கும் மேடையில் நிற்பேன். வருகிற ஒவ்வொரு வண்டியிலும் ஊசித் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, உள்ளே எடுப்பதா திருப்புவதா என்று எழுதுவது என் வேலை. வேலைக்குச் சேர்ந்தபோதே, இன்ன வண்டியின் ஓட்டுநர் என் அக்கா வீட்டுக்காரர், அதில் ஏதும் தவறு உண்டா என்று தர அதிகாரியிடம் கேட்டேன். தெர்மாமீட்டருக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது, நீங்கள் அதைப் பார்த்து எழுதினால் போதும் என்று சொல்லிவிட்டார் அந்த அம்மாள்.

மேடையில் மாமா என்னை மேடம் என்று கூப்பிடுவார். வேண்டுமென்றே, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. மேடம் மனசு வைக்கணும், மேடம் ஊசி குத்தும்போது கோழிக்கு வலிக்காம குத்தணும் என்பார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நெட்டையன் சிரித்துச் சிரித்து வண்டியைச் சுவரில் இடித்துவிடுவான்.

அந்த வருடம் மாமா பேரில் ஏற்கெனவே இரண்டு குறிப்புகள் விழுந்திருந்தன. முதலாவது, தாமதம். இரண்டாவது, கதவுக்குப் பின்னால் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைத் திரையைச் சரக்கு இறக்கும்போது கட்டி வைத்துவிட்டார் என்று. ஒரு வருடத்துக்குள் மூன்றாவது விழுந்தால் அனுமதிப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அந்தப் பட்டியல் எல்லா நிறுவனங்களுக்கும் பொது. அதில் பெயர் இல்லாதவர் உணவு ஏற்றும் எந்த வண்டியிலும் உட்கார முடியாது. மாமாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. வேறு தொழில் தெரியாது. வருடம் முடிய ஐந்து வாரம் பாக்கி இருந்தது. அக்கா காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

அன்றைக்கு மாமாவின் வண்டி பதினொரு மணிக்கு வந்தது. துண்டு போட்ட கோழி இறைச்சி, பன்னிரண்டு மரத்தட்டு. விதிப்படி நான்கு டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஐந்து, ஆறு என்றால் அதைப் பதிவு செய்துவிட்டு உடனே சமையலுக்கு அனுப்பலாம். ஏழைத் தாண்டினால் பேச்சே இல்லை, திருப்ப வேண்டும். கோழி இறைச்சியில் இருக்கும் கிருமிகள் நான்கு டிகிரியில் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும். ஒன்பதில் எழுந்து உட்கார்ந்து சில மணிக்கொரு முறை இரட்டிக்க ஆரம்பிக்கும். வாசனை ஒன்றும் வராது, நிறமும் மாறாது. அதனால்தான் மூக்கையும் கண்ணையும் நம்பாமல் ஊசியை நம்புகிறோம்.

வண்டி மேடையை ஒட்டி நின்றதும் முதலில் கதவில் இருந்த சீலின் எண்ணைச் சரிபார்த்தேன். பிறகு அறுத்தேன். வண்டியின் பதிவுக் கருவியிலிருந்து சீட்டை எடுத்து மாமா நீட்டினார். ஆறு மணி நேரப் பயணம். யூனிட்டுக்குத் திரும்பி வரும் காற்று கடைசி மூன்றரை மணி நேரமும் மூன்று டிகிரியைத் தாண்டவில்லை. கோடு போட்டு வரைந்த மாதிரி இருந்தது. பாருங்க மேடம், இதை ஃப்ரேம் போட்டு மாட்டலாம் என்றார்.

நான் தெர்மாமீட்டரை நொறுக்கிய ஐஸ் நீரில் வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்தேன். ஐஸும் நீரும் கலந்து நிற்கும்வரை அது பூஜ்யம்தான். எந்தக் கடையில் வாங்கிய ஐஸ், யார் நொறுக்கியது என்று அது பார்ப்பதில்லை. எனக்கு ஒவ்வொரு நாளும் அது ஒரு சின்னச் சந்தோஷம். பூஜ்யம் காட்டியது. ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து, கதவருகே இருந்த தட்டில் வெளிவரிசைப் பெட்டியைத் திறந்து குத்தினேன். ஆறு புள்ளி ஒன்று.

சிரிப்பு நின்றது. நெட்டையனிடம் சொல்லி அந்தத் தட்டை இறக்கிப் பிரிக்க வைத்தேன். நடுவரிசையில் ஒரு பெட்டி. ஒன்பது புள்ளி நான்கு. அடுத்த தட்டு, நடு. ஒன்பது புள்ளி இரண்டு. யூனிட்டுக்குப் பக்கத்தில் இருந்த தட்டு, நடு. ஒன்பது. தெர்மாமீட்டரை மறுபடி ஐஸில் வைத்தேன். பூஜ்யம்.

மாமா என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லா எண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மேடம் இல்லை.

“ஒன்பதுன்னா திருப்பு பாப்பா. அதுல யோசிக்க என்ன இருக்கு.”

யோசிக்க ஒன்றும் இல்லைதான். ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எண் தப்பாக வந்தால் ஏன் வந்தது என்று பார்க்காமல் விட முடியாது. வெளிப்பெட்டி ஆறு, உள்பெட்டி ஒன்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வழியில் யூனிட் நின்றுபோய், வெயில் உள்ளே புகுந்திருந்தால், வெளிப்பெட்டிதான் முதலில் சூடாகும், நடுப்பெட்டி கடைசிவரை குளிர்ந்தே இருக்கும். இங்கே தலைகீழ். வெளியே குளிர்ச்சி, நடுவில் சூடு. அப்படியென்றால் சூடு வெளியிலிருந்து வரவில்லை. உள்ளேயே இருந்தது. சரக்கு ஏறும்போதே பத்து டிகிரியோ என்னவோ இருந்திருக்கிறது, வண்டி ஆறு மணி நேரம் பாடுபட்டு அதன் தோலை மட்டும் குளிர்த்தியிருக்கிறது.

சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதிலும் இருந்தது. வழக்கமாக வண்டி கிளம்பி இருபது நிமிடத்தில் காற்று மூன்றுக்கு இறங்கிவிடும். அன்றைக்கு இரண்டரை மணி நேரம் எடுத்திருந்தது. மெதுவாக, சறுக்குமரம் மாதிரி ஒரு சரிவு. சரக்கிலிருந்து சூடு கசிந்து கசிந்து காற்றில் கலந்துகொண்டிருந்ததன் அடையாளம் அது. நான் மாமாவிடம் சரிவைக் காட்டினேன். அவர் அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

சரக்கு ஏற்றிய இறைச்சிக்கூடத்தில் குளிரறை பழுதாகியிருக்கும், அதைச் சொல்லாமல் ஏற்றிவிட்டார்கள் என்றார் அவர். நானும் அதைத்தான் நினைத்தேன்.

நீங்கள் ஏற்றும்போது பார்க்கவில்லையா என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். அந்த இறைச்சிக்கூடத்தில் ஓட்டுநரை ஏற்றுமேடைக்கு விடமாட்டார்கள். வண்டியைப் பின்னால் விட்டு நிறுத்தியதும் சாவியை ஒரு கூண்டுச் சன்னலில் கொடுத்துவிட வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே இருக்கும்போது யாராவது வண்டியை நகர்த்தி ஆள் செத்துப்போன சம்பவம் எங்கோ நடந்திருக்கிறது, அதனால் அந்த விதி. நல்ல விதிதான். ஓட்டுநர் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து சுவரில் மாறும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எண் வரும்போது வண்டிக்கதவு மூடி, சீல் போட்டாகியிருக்கும். சன்னல் வழியாகச் சாவியும் காகிதமும் வரும். காகிதத்தில் ஒரு கட்டம்: ஏற்றும்போது ஓட்டுநர் அளந்த வெப்பநிலை. அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால்தான் வெளிக்கதவு திறக்கும். சீலை உடைத்து அளக்கிறேன் என்றால், தாராளமாகச் செய்யலாம், மறுபடி வரிசையில் கடைசி எண் வாங்கிக்கொண்டு வரவேண்டும். அதற்குள் அரை நாள் போய்விடும். அரை நாள் போனால் தாமதம். தாமதத்துக்கும் குறிப்பு உண்டு. மாமாவின் முதல் குறிப்பு அப்படி வந்ததுதான்.

அதனால் எல்லாரும் அந்தக் கட்டத்தில் மூன்று என்று எழுதுவார்கள். மாமா மட்டும் 3.4 என்று எழுதுவார். மொட்டையாக மூன்று என்று போட்டால் பார்க்காமல் போட்ட மாதிரி இருக்கும், ஒரு புள்ளி வைத்தால் மரியாதையாக இருக்கும் என்று வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறார். நாங்களும் சிரித்திருக்கிறோம்.

திருப்பும் படிவத்தை எடுத்தேன். சரக்கு, எடை, சீல் எண், அளந்த எண்கள். கடைசியில் ‘காரணம்’ என்று ஒரு இடம், நாலு வரி. மற்ற மேடைகளில் அதில் ஒன்றும் எழுதமாட்டார்கள், அல்லது வெப்பம் அதிகம் என்று இரண்டு சொல் எழுதுவார்கள். நான் பேனாவை வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தேன்.

“உனக்குத் தெரிஞ்சத அப்படியே எழுது. வண்டி மேல தப்பு இல்லைன்னு நல்லாப் புரியற மாதிரி எழுதிடு. யூனிட்ல கோளாறுன்னு வந்துச்சுன்னா, தினமும் பார்த்தியா, பெல்ட்டைப் பார்த்தியா, கதவு ரப்பரைப் பார்த்தியான்னு என்னைத்தான் குடைவானுங்க. வண்டி சரின்னா நானும் சரிதானே.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நாலு வரி போதாமல் பின்பக்கமும் எழுதினேன். வெளிப்பெட்டிக்கும் உள்பெட்டிக்கும் உள்ள வித்தியாசம், அது எதைக் காட்டுகிறது, சரிவு ஏன் நீளமாக இருக்கிறது, யூனிட் பழுதாகியிருந்தால் எண்கள் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு சின்னப் படமும் போட்டேன். அம்புக்குறி எல்லாம் வைத்து. எழுதி முடித்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. படிக்கிறவர் யாராக இருந்தாலும் அவருக்குச் சந்தேகம் வராது.

சரக்கை அழிக்க வேண்டும். திருப்பிய இறைச்சியை யாரும் எடுத்து விற்றுவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு பையையும் கத்தியால் கிழித்து நீலச்சாயம் ஊற்ற வேண்டும். பன்னிரண்டு தட்டு, ஆறு டன். மாமாவும் கையுறை போட்டுக்கொண்டு இறங்கினார். அவர் செய்யவேண்டிய வேலை இல்லை அது. மாலைவரை நாங்கள் மூன்று பேரும் கிழித்து ஊற்றினோம். நெட்டையன் ஒருமுறை, இத்தனை கோழியும் எதுக்குப் பொறந்துச்சோ என்றான்.

மூன்றாம் நாள் தர அதிகாரி கூப்பிட்டார். அவர் அறைக்குப் போனபோது என் படிவம் மேசைமேல் இருந்தது. முதலில் பாராட்டினார். பதினெட்டு வருடத்தில் இவ்வளவு தெளிவாக எழுதிய திருப்பும் படிவத்தை அவர் பார்த்ததில்லை என்றார். படத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு, தன் முன்னால் இருந்த இன்னொரு காகிதத்தை என் பக்கம் திருப்பினார். இறைச்சிக்கூடத்துக் காகிதம். ஏற்றும்போது ஓட்டுநர் அளந்த வெப்பநிலை, 3.4. கீழே மாமாவின் கையெழுத்து, வால் நீட்டி.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் நிரூபித்தது, வண்டி சரி, சரக்கு ஏறும்போதே சூடு. அப்படியானால் 3.4 என்று எழுதியவர் அளக்கவில்லை. வண்டி எவ்வளவு நன்றாக ஓடியதோ, அவ்வளவுக்கு அது உறுதி. வண்டியில் சின்னதாக ஏதாவது கோளாறு இருந்திருந்தால்கூடச் சந்தேகத்துக்கு ஒரு இடுக்கு இருந்திருக்கும். மாமா ஒரு இடுக்கும் விடாமல் பராமரித்திருந்தார். மீதி இருந்ததை நான் அடைத்திருந்தேன்.

ஓட்டுநர்களை உள்ளே விடமாட்டார்கள் என்று சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. அது அவர்கள் இடத்து விதி, இது நம் வண்டி விதி, இரண்டும் சரியான விதிதான் என்றார். அளக்க விடாவிட்டால் கையெழுத்துப் போட மறுக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறது. இதுவரை யாராவது மறுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். தனக்குத் தெரிந்து இல்லை என்றார். இறைச்சிக்கூடத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். ஓட்டுநர் அளந்து ஏற்றுக்கொண்ட சரக்கு, அந்தக் கையெழுத்தோடு அவர்கள் பொறுப்பு முடிந்துவிட்டது, கடிதம் எழுதிக் கேட்போம் என்றார்.

படிவத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எண் போட்ட படிவம், நகல் மேலே போயாகிவிட்டது என்றார். சரி, நான் அளந்ததில் தவறு என்று இப்போது எழுதிக்கொடுக்கட்டுமா என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அந்த அம்மாள் கோபப்படவில்லை.

“வெளிய ஆறு, உள்ள மூணு தட்டுலயும் ஒரே மாதிரி ஒன்பதுன்னு வந்திருக்கு. தெர்மாமீட்டரை ரெண்டு தடவை ஐஸ்ல வச்சுப் பார்த்ததையும் எழுதியிருக்கீங்க. இதுல எதைத் தப்புன்னு சொல்லுவீங்க?”

காரணத்தை நான் எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். காலியாக இருந்தால் அது வண்டிக் கோளாறு என்று தானாகப் பட்டறைக்குப் போகும். பட்டறையில் யூனிட்டை ஓட்டிப் பார்த்து, கோளாறு ஏதும் இல்லை என்று எழுதுவார்கள். கோப்பை மூடிவிடுவார்கள். பதிவுச் சீட்டை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஓட்டுநர் பேரில் எதுவும் வராது.

எழுந்து கதவுக்கு வந்தபோது, உங்கள் படத்தைப் பயிற்சி வகுப்பில் பயன்படுத்தலாமா என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அக்கா வீட்டுக்குப் போனபோது, மூன்றாவது குறிப்பு விழுந்த செய்தி எனக்கு முன்னால் போய்விட்டிருந்தது. மாமா கூடத்தில் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வைக்கவில்லை. என்னைப் பார்த்து, வா பாப்பா, சாப்பிட்டியா என்றார். அவர் குரலில் குற்றம் சொல்கிற மாதிரி எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல், நீ என்ன எழுதினே, எனக்குப் புரியற மாதிரி சொல்லு என்றாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். அடுப்பில் இருந்து இறக்கிய குழம்புச் சட்டியைக் காட்டி, இதைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்தால் ஓரம் முதலில் ஆறும், நடுவில் சூடு நிற்கும், அப்படி இருந்தால் சட்டி ஏற்கெனவே சூடாக இருந்தது என்று அர்த்தம், குளிர்ந்த சட்டியை வெயிலில் வைத்தால் ஓரம் சூடாகி நடுவில் குளிர்ந்திருக்கும் என்று சொன்னேன். கையை வேறு ஆட்டிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல வழக்கம்போல் எனக்கு வேகம் வந்துவிட்டது. பாதியில் அது எனக்கே தெரிந்து நிறுத்திக்கொண்டேன்.

அக்கா குழாயை மூடினாள்.

“நல்லாப் புரியுதுடி. பச்சப் புள்ளைக்குக்கூடப் புரியும்.”

பிறகு ஈரக் கையோடு கூடத்துக்குப் போய் மாமா பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சத்தமில்லாத டிவியைப் பார்த்தார்கள். நான் மீதிப் பாத்திரங்களைக் கழுவினேன்.

மாமா மேல்முறையீடு எழுதினார். நான்தான் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம் பாப்பா, நீ எழுதினா ரொம்பத் தெளிவா இருக்கும் என்றார். கேலிதான், பழைய மாமாவின் கேலி. ஆனால் காகிதத்தை என் பக்கம் நீட்டவில்லை. ஒரு பக்கம் எழுதி அனுப்பினார். மற்ற ஓட்டுநர்களிடம், உள்ளே விடுவதில்லை என்று சாட்சி சொல்லிக் கையெழுத்துப் போடக் கேட்டிருந்தார். போட்டால் அவர்களும் அளக்காமல்தான் எழுதுகிறோம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஒருவரும் போடவில்லை. அவர்களை அவர் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன் என்றார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. இரண்டே வரி. அதில் 3.4 என்ற எண்ணைக் குறிப்பிட்டிருந்தார்கள். அளக்காத ஒருவர் புள்ளி வைத்து எழுதுவது வெறும் கவனக்குறைவு ஆகாது என்று இருந்தது.

வண்டியை ஒப்படைக்கும் நாளில் நானும் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். கழுவுமிடத்தில் மாமா தானே பெட்டியைக் கழுவினார். முதலில் குளிர்ந்த நீர், பிறகு சோப்பு போட்ட வெந்நீர், பிறகு மருந்து, பிறகு மறுபடி நீர். வெந்நீரை முதலில் விட்டால் இறைச்சியின் புரதம் சுவரில் வெந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சுரண்டினாலும் வராது. தரைப் பள்ளங்களில் ஒவ்வொன்றாகப் பிரஷ்ஷை ஓட்டினார். கதவு ரப்பரை மடித்து மடித்துத் துடைத்தார். ஈரம் காய்ந்ததும் கதவை மூடி யூனிட்டைப் போட்டார்.

வெறும் வண்டியை ஏன் குளிர்த்த வேண்டும் என்று வண்டியை வாங்கிக்கொள்ள வந்த ஓட்டுநர் கேட்டார். மாமா வயதுதான் அவருக்கும். நாளைக் காலையில்தான் கிளம்பப் போகிறேன், இப்போது டீசல்தானே வீண் என்றார். மாமா ஒப்படைப்புச் சீட்டைக் காட்டினார். பெட்டி மூன்று டிகிரியில் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த ஓட்டுநர் தோளைக் குலுக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். நாளைக்கு அதே இறைச்சிக்கூடத்துக்குத்தான் போகிறாராம். கேட்காமலே சொன்னார். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வெறும் பெட்டி சீக்கிரம் குளிர்ந்துவிடும். உள்ளே காற்றும் சுவரும் மட்டும்தான். நாற்பது நிமிடம் ஆனது. மாமா வண்டிச் சன்னல் வழியாக மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வந்ததும் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுத்தார். அந்த ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து இருக்கையைத் தன் காலுக்கு ஏற்றபடி முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு யூனிட்டை அணைத்தார்.

நாங்கள் வெளியே வந்து சாலையைக் கடந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். நல்ல வெயில். இரண்டு பேருந்து வந்து போனது. மாமா இரண்டுக்கும் கை காட்டப் பார்த்தார்.

“நம்ம வீட்டுக்கு எந்த பஸ் போகும் பாப்பா?”

சொன்னேன். அவர் அந்த எண்ணை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பேருந்து வந்ததும் என்னை முதலில் ஏறச் சொன்னார். ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கை காலியாக இருந்தது. அதைத் தாண்டிப் போய், கடைசி வரிசையில் சன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார்.